தாழ்ந்த தோணி

மணவாளன் ஏறி உட்கார்ந்ததும் தோணி தாழ்ந்தது. தாழத்தான் செய்யும், அவன் என்ன பஞ்சு மூட்டையா? ஆனால் ஒருமுறை தாழ்ந்து, ஆடி, அடங்கிய பிறகு, அவனுக்குப் பின்னால் யாரோ நிதானமாகக் கால் எடுத்து வைத்ததுபோல் இன்னொரு முறையும் தாழ்ந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பின்பலகை காலியாக இருந்தது. வெற்றிலை எச்சில் கறையும், நேற்றுத் திருவிழாவுக்குப் போன கூட்டம் சிந்திவிட்டிருந்த பொரியும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

கோலை ஊன்றப்போன மைதீன் பிச்சை ஊன்றாமல் குனிந்து தோணியின் விலாவைப் பார்த்தார். போன வருஷம் ஒரு கல்யாணக் கூட்டத்தோடு தோணி கவிழ்ந்ததிலிருந்து, மேரி, அதாவது முனிசிபல் ஆபீசுக்காரர்கள் உப்பங்கழியில் ஓடும் எல்லாத் தோணிகளுக்கும் விலாவில் ஒரு வெள்ளைக்கோடு இழுத்துவிட்டிருந்தார்கள். தோணி நிறைய ஆள் ஏறினால்தான் அந்தக் கோட்டைத் தண்ணீர் தொடும். இப்போது இருந்தது ஓடக்காரரும் மணவாளனும் மட்டுமே. தண்ணீர் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஏறியிருக்குமோ பாய்?" என்றான் மணவாளன்.

மைதீன் பிச்சை அடிப்பலகையைக் காலால் தடவிப் பார்த்தார். "காஞ்சி போயி கெடக்குது" என்றார். கோலை ஊன்றித் தள்ளினார்.

விளக்கு வைக்கிற நேரம். கடல் பக்கம் வானம் இருட்டிவிட்டது, மேற்கே மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் மிச்சமிருந்தது. பாகூர் கொம்யூன் வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில் ஆறு கடலோடு சேருகிற இடத்தில், உப்பங்கழிக்கு நடுவே இரண்டு திட்டுகள் உண்டு. கிழக்கே பெரிய திட்டு, அங்கிருந்துதான் தோணி கிளம்பியது. மேற்கே சின்னத் திட்டு, மணவாளன் வீடு அங்கே. ஆடி மாதத்துக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், பெரிய திட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் சின்னத் திட்டுக்குக் கேட்காது. ஆனால் காற்று அடங்கிவிட்டால் கதையே வேறு. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இது மணவாளனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அவன் இப்போது நிம்மதியாக உட்கார்ந்திருப்பான்.

பெரிய திட்டில் ஓர் எழவு வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அவன் திரும்பிக்கொண்டிருந்தான். செத்துப்போனவர் சாமிநாதன். மணவாளனின் பெண்டாட்டி செங்கமலத்துக்குக் கூடப் பிறந்த அண்ணன். வீராம்பட்டினத்துத் தேருக்காக வெள்ளிக்கிழமை காலையிலேயே இரண்டு திட்டுக்காரர்களும் மைதீன் பிச்சையின் தோணியில் ஏறிப் போய்விட்டார்கள். செங்கமலமும் போனாள், சாமிநாதனின் மனைவி ஆண்டாளும் போனாள். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சாமிநாதன் மட்டும் பெரிய திட்டில் தங்கிவிட்டார். சின்னத் திட்டில் மணவாளனும் அவன் மகள் தனக்கொடியும் தங்கினார்கள். சிப்பி ஓடு கிழித்து அவளுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தது. அன்று அந்தக் கழியில் மிச்சமிருந்த ஒரே தோணி மணவாளனுடையது. அது அவன் வீட்டுக்கெதிரே தென்னையில் கட்டிக் கிடந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் காற்று அடங்கிவிட்டது. சாமிநாதன் துறையில் வந்து நின்று கூப்பிட்டார்.

"மாப்ளே. வாந்தியும் பேதியுமா இருக்குதுப்பா. தோணிய எடுத்துக்கினு வா. என்ன ஆஸ்பத்திரில கொண்டுபோயி வுட்டுடு."

தெளிவாகக் கேட்டது. மணவாளன் எழுந்துகூட விட்டான். கட்டை அவிழ்க்கக் கயிற்றில் கையும் வைத்தான். வாந்திபேதி என்றால் சும்மாவா? போன கோடையில் அரியூர்ப் பக்கம் ஒரு தெருவையே வழித்துக்கொண்டு போன வியாதி. அந்த மனிதனைத் தூக்கித் தோணியில் போட்டு, அவர் கக்குவதையெல்லாம் மேலே வாங்கிக்கொண்டு, அப்படியே திரும்பி வந்து மகளுக்குச் சோறு போடவேண்டும். அவன் கை கயிற்றிலிருந்து நழுவியது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். கூப்பிடும் குரல் நிற்கவில்லை. வரவர அதில் மாப்ளே போய்விட்டது, ஆஸ்பத்திரி போய்விட்டது, தண்ணீர் தண்ணீர் என்பது மட்டும் மிஞ்சியது. கழி நிறைய உப்புத்தண்ணீர், அதன் ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதன் தாகத்தில் கத்துகிறான்.

"யாரோ கூப்புடுறாங்கப்பா" என்றாள் தனக்கொடி.

"நாரை" என்றான் மணவாளன். "படுத்துத் தூங்கு."

மறுநாள் காலை மைதீன் பிச்சை ஆண்டாளையும் செங்கமலத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தபோது, சாமிநாதன் துறையிலேயே குப்புறக் கிடந்தார். வியாதிச் சேதி கேட்டு மற்றவர்களில் பாதிப்பேர் திட்டுக்கே திரும்பவில்லை. மணவாளனுக்கு ஆள் வந்து சொன்னதும் மகளிடம், "மாமாவுக்கு ஒடம்பு சரியில்லயாம், பாத்துட்டு வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மைதீன் பிச்சையின் தோணியிலேயே புறப்பட்டான். மாமா செத்துவிட்டார் என்று சொன்னால் அந்தப் பெண் நாரையை ஞாபகப்படுத்திக்கொள்வாளோ என்று பயம்.

எழவு வீட்டில் யாராவது அவனை ஏசியிருந்தால் எவ்வளவோ தேவலை. யாரும் ஏசவில்லை. ஆண்டாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அங்க இருந்துங்கூட அவருக்குக் குடுத்துவைக்கலியே அண்ணே. பாழாப்போன காத்து, ஒங்க காதுல வுழ வுடலியே" என்று அழுதாள். "எதிர்க்காத்துல அவனுக்கு எப்பிடிக் கேக்கும் பாவம்" என்று நாலு பேர் ஒத்துப் பேசினார்கள். தன் அண்ணனைப் பறிகொடுத்த செங்கமலமே அவன் முதுகைத் தடவிவிட்டாள். மணவாளன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவ்வளவு ஆறுதலையும் வாங்கிக்கொண்டான். மேலெல்லாம் கூசியது. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

உடலை மத்தியானமே எரித்தாகிவிட்டது. ஆம்பிளைகள் கழியில் முழுகிவிட்டு, திரும்பி வந்து, தலைமாட்டில் ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்தார்கள். எழவு வீட்டில் விளக்கைப் பார்த்தால் பேசாமல் எழுந்து போய்விடவேண்டும். போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, யாரையும் வீட்டுக்கு வா என்று அழைக்கக்கூடாது. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, பால் குடிக்கிற வயசிலிருந்தே ரத்தத்தில் ஊறியது. "புள்ள தனியா இருக்கும், கெளம்புங்க" என்று செங்கமலம் சாடை காட்டினாள். மணவாளன் எழுந்து விளக்கின் எதிரே நின்றான். இத்தனை வருஷமாக அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று என்ன சொல்வானோ, அதை அவனுடைய வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்ப வர்றேன் மச்சான். ஒரு நாளைக்கு வூட்டுக்கு வாங்க."

பெண்களின் ஒப்பாரியில் அது அமுங்கிப் போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவேளை, ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தபோது, அப்படி நினைத்ததற்கும் சேர்த்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று துறைக்கு வந்துவிட்டான்.

தோணி நடுக்கழிக்கு வந்திருந்தது. மைதீன் பிச்சை முன்னால் நின்று கோல் போடுகிறவர். ஊன்றுவார், தள்ளுவார், உருவுவார், கோலிலிருந்து தண்ணீர் சொட்டும். இன்று ஒவ்வொரு தள்ளலுக்கும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தோணியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது, பாரம் முழுவதும் பின்னால் இருப்பதுபோல. மணவாளன் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். சேறும் பாசியும் அழுகின சிப்பியும் கலந்த கழியின் வழக்கமான நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. பேதிக்காரர் பக்கத்தில் அடிக்கிற புளித்த கஞ்சித் தண்ணியின் வாடை. துறையில் சுகாதாரச் சிப்பந்தி தூவியிருந்த சுண்ணாம்புத் தூளின் காரமும் அதோடு இருந்தது. துறையை விட்டு அவ்வளவு தூரம் வந்தும் அது குறையவில்லை. காற்று முன்னாலிருந்து வீசியது. வாடை பின்னாலிருந்து வந்தது.

பின்பலகை கிறீச்சிட்டது. நோயாளி ஒருவர் உட்கார்ந்த இடத்தில் வசதியாக நகர்ந்துகொள்ளும்போது கேட்கிற சத்தம்.

மணவாளன் திரும்பவில்லை. மைதீன் பிச்சையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கண் அவனைத் தாண்டி, அவனுடைய தோளுக்குப் பின்னால் ஓர் இடத்தில் போய் நின்றது. உடனே விலகிற்று. கோல் போடுவதை நிறுத்திவிட்டார்.

"மணவாளா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளுங்க பாய்."

"எழவு வூட்ல கெளம்பக்குள்ள எதுனா சொன்னியா?"

மணவாளன் கால் பெருவிரலால் அடிப்பலகையைத் தேய்த்தான்.

"தப்பா நெனைக்காத. மனுசன் வாய்தானே, பழக்கத்துல வந்துடும். வர்றேன்னோ வாங்கன்னோ சொல்லியிருந்தா சொல்லிடு. இந்தக் கழில எனக்கு இது புதுசு இல்ல, தோணி தாழ்ந்தா எனக்குத் தெரியும். பயப்படவும் ஒண்ணும் இல்ல. இப்பிடியே திருப்பிக்கினு போவலாம். அந்த வூட்டு வாசல்ல நின்னு, நாலு பேர் எதிர்ல, நான் கூப்புட்டது தப்பு, என்ன மன்னிச்சுடு, நீ இங்கயே இருன்னு வாய்விட்டுக் கேட்டுக்கினா எறங்கிடுவாங்க. நல்லவங்கதான். கூப்புட்டதாலதான் வர்றாங்க."

எவ்வளவு சுலபம். தோணியைத் திருப்பினால் போதும். ஆனால் அந்த வாசலில் நின்று, ஆண்டாளும் செங்கமலமும் பார்த்துக்கொண்டிருக்க, மன்னிச்சுடுங்க மச்சான் என்று வாயைத் திறந்தால், அது அந்த ஒரு வார்த்தையோடு நிற்குமா? எதற்கு மன்னிப்பு என்று அவர்கள் கேட்கவேண்டியதுகூட இல்லை. தானாகக் கொட்டிவிடும். கயிற்றில் கை வைத்தது, கையை எடுத்தது, போய்ப் படுத்தது, நாரை என்று சொன்னது, எல்லாம். முதுகைத் தடவிவிட்ட அந்தக் கையை அப்புறம் செங்கமலம் எங்கே கொண்டுபோய்க் கழுவுவாள்?

"நான் ஒண்ணும் சொல்லல பாய்" என்றான்.

"அல்லா அறிய?"

"சொல்லலன்னா சொல்லல."

பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. நீளமாக, களைத்துப்போய், காத்திருந்து காத்திருந்து அலுத்த மூச்சு. மைதீன் பிச்சை உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு கோலை ஊன்றினார். அதற்கப்புறம் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சின்னத் திட்டின் துறை வந்தது. மணவாளன் சேற்றில் இறங்கினான். அவன் இறங்கியும் தோணி எழும்பவில்லை. கோடு தண்ணீரிலேயே இருந்தது.

"நான் இங்கயே நிக்குறேன்" என்றார் மைதீன் பிச்சை, கீழே பார்த்தபடி. "அந்த மொத தென்னய நீ தாண்டறதுக்குள்ள சொன்னாலும் போதும். யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நானே இட்டுக்கினு போயி வுட்டுட்டு வர்றேன். ஒன் வூட்ல பொட்டப்புள்ள இருக்குது மணவாளா."

மணவாளன் நடந்தான். தென்னை பக்கத்தில் வந்தது. ஆமாம் பாய் என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும். திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இப்போதுதான் இல்லை என்று சாதித்த முகத்தோடு எப்படிப் பார்ப்பது. தென்னை வந்தது. தாண்டிவிட்டான்.

துறையில் தண்ணீர் களுக்கென்றது. பாரம் இறங்கித் தோணி எழும்பும் சத்தம். மைதீன் பிச்சை வேகவேகமாகக் கோல் போட்டுப் போவது கேட்டது.

பிறகு சேற்றில் இன்னொரு காலடி.

அவன் நடந்தால் அது நடந்தது. நின்றால் ஓரடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றது. ஓடலாம். ஓடினால் எங்கே, வீட்டுக்குத்தானே? மடை ஓரமாக ஒதுங்கி நின்றான், முன்னால் போகட்டும் என்று. போகவில்லை. வீட்டுக்காரன் முன்னால் போக விருந்தாளி பின்னால் வருவதுதான் மரியாதை. சாமிநாதன் எப்போதும் மரியாதை தெரிந்தவர். கஞ்சித் தண்ணி வாடை பிடரியில் சூடாக அடித்தது.

வாசலில் சிம்னி விளக்கு எரிந்தது. தனக்கொடி நொண்டிக்கொண்டே வெளியே வந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்து அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மாமா" என்றாள். "மாமாவ இட்டாந்துட்டியாப்பா. ஒடம்பு தேவலயா மாமா?"

எழவு வீட்டிலிருந்து வந்தவன் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி மிதிக்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. அந்த வழக்கத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு மணவாளன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கிட்ட வராதம்மா. தண்ணி... எனக்குத் தண்ணி எடுத்து வை."

"மாமா வந்திருக்குறாரு, மொதல்ல அவருக்கு" என்றாள் பெண். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். குடத்திலிருந்து செம்பில் மொண்டுகொண்டு வந்து அவனைக் கடந்து போனாள். "காலக் கழுவுங்க மாமா. ஒரே சேறா இருக்குது."

ஊற்றினாள்.

தண்ணீர் தரையில் விழவில்லை. தரைக்குக் கொஞ்சம் மேலேயே எதிலோ பட்டு, வளைந்து, பிரிந்து, ஓடியது. விளக்கு வெளிச்சத்தில் அது ஒரு கணம் பளபளத்தபோது, அகலமான பாதம் ஒன்று தெரிந்தது. கட்டைவிரல். கணு. பிறகு இன்னொன்று.

"நேத்து ராத்திரி நீங்களா மாமா கூப்புட்டது?" என்று கேட்டாள் தனக்கொடி. "அப்பா நாரைன்னு சொல்லிச்சே."

தலையைச் சாய்த்து, பதிலைக் கேட்டுக்கொண்டாள். மணவாளன் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் மட்டும் உம் கொட்டினாள். கேட்டாள். மறுபடி உம் கொட்டினாள். நெடுநேரம். பிறகு மெல்லத் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

அவன் தலை குனிந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

"மாமாவுக்குத் தாகமாம்" என்றாள் அவள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அவனிடம் சொல்வதுபோலும் இல்லை. குடத்துக்குப் போனாள். செம்பை நிறைய மொண்டாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள்.

செம்பு அவள் கையை விட்டு எழுந்தது. சாய்ந்தது. களக் களக் என்று விழுங்கும் சத்தம். அது மணவாளனுக்கும் கேட்டது. நன்றாகக் கேட்டது.

இப்போதாவது சொல்லவேண்டும். மாமா செத்துட்டாரு. அதைத் தொடாத. அவ்வளவுதான். சொல்ல வாய் வேண்டும். அதற்கு முகத்தை நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தினால் அந்தப் பெண்ணின் கண் அங்கே இருக்கும்.

ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் கழித்து.

செம்பு கீழே இறங்கி அவள் கைக்கு வந்தது. விளிம்பில் வெள்ளையாக ஏதோ நுரைத்திருந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எனக்கா மாமா?" என்றாள் சந்தோஷமாக. "மிச்சம் வச்சிருக்கீங்களே."

மணவாளன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. தனக்கொடி செம்பில் வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவன் முகத்தை நிமிர்த்தியபோது அவள் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.